நடுக்குச்சி

1897 டிசம்பர் 4, சனி

சாமான் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். புளிப்பானைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் குறுகி உட்கார இடம் இருக்கிறது. திரியை நன்றாக இறக்கிவிட்டால் வெளிச்சம் கதவிடுக்கு வழியே போவதில்லை. இது போன வருஷத்துக் கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். ரூத் அத்தை எடுத்துப் பார்த்தால் முதலில் வகுத்தல் கணக்குத்தான் கண்ணில் படும். அத்தைக்குத்தான் பயப்பட வேண்டும். அப்பா கையில் கிடைத்தால் ஒன்றும் ஆகாது.

ஏன் ஆகாது என்பதை எழுத வேண்டாம்.

இன்று அப்பாவோடு குளத்து மதகுக்குப் போனேன். அப்பா பாளையங்கோட்டையின் சரித்திரம் எழுதுகிறார். கோர்ட்டுக் கச்சேரி இல்லாத சனிக்கிழமைகளில் கல்வெட்டு பார்க்கப் போவோம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். மதகுக் கல்லில் பாதி எழுத்துக்குப் பாசி பிடித்திருந்தது. அப்பா அதைக் கையால் துடைத்துவிட்டு, விரல் நுனியை ஒவ்வொரு எழுத்தாக ஓட்டி வாசித்தார். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்தார். பாரிஸ்டர் ஐயா எழுத்தைத் தடவியே படிக்கிறார் என்று குளித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்ச் சொன்னார்.

பாதியில் மேகம் கவிந்து இருட்டிவிட்டது. எனக்குக் கல்லில் ஒன்றும் தெரியவில்லை. அப்பா மட்டும் அதே வேகத்தில் வாசித்துக்கொண்டே போனார்.

படித்தவர்கள் அப்படித்தான் என்று எழுதிக்கொள்கிறேன்.

டிசம்பர் 7, செவ்வாய்

காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன் தோட்டத்தில் பந்து போட்டேன். இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று மைதானத்தில் கிரிக்கெட் ஆட்டம். துரைமார் கிளப் ஒரு பக்கம், வக்கீல்கள் ஒரு பக்கம். வக்கீல்களுக்கு அப்பாதான் தலைவர். ஆட்டத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்ததே அப்பாதான்.

கொய்யா மரத்தடியில் மூன்று சவுக்குக் குச்சிகள். மண்ணில் ஆழமாக ஊன்றியிருப்பதால் பந்து பட்டாலும் விழுவதில்லை. அப்பா மட்டையை ஊன்றிக்கொண்டு தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்பார், யாரோ பேசுவதைக் கேட்பது போல. நான் ஓடிவரும் காலடி நின்றதும் மட்டையை முன்னால் கொண்டுவருவார். மட்டை வரும் இடத்தில் நான் பந்தைப் போடுகிறேன். அதில் தப்பில்லை. பந்து போடுகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

சில சமயம் கை தவறி நேராகப் போய்விடுகிறது. இன்றும் போயிற்று. ‘டொக்’ என்று சத்தம்.

“என்ன சத்தம்மா அது?” என்றார்.

“மட்டை ஓரத்துல பட்டுதுப்பா.”

“ஓரமா? பரவால்ல. தொட்டுட்டேன்ல.”

சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

டிசம்பர் 9, வியாழன்

மழை. பூகோளப் பரீட்சை. அத்தை கூடத்தைக் கழுவி நாற்காலியை இடம் மாற்றியிருந்தார். அப்பா முழங்காலில் இடித்துக்கொண்டார். பழைய இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

டிசம்பர் 11, சனி

சாயங்காலம் விளக்கு வைத்ததும் அப்பாவுக்குக் கேஸ் கட்டுகளை வாசித்துக் காட்டுவது என் வேலை. என் இங்கிலீஷ் தேற வேண்டும் என்பதற்காக என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் என்னிடமும் அப்படித்தான் சொன்னார். தாளை ஒரு தடவை வாசித்தால் போதும், அப்படியே மனத்தில் ஏற்றிக்கொள்வார். மறுநாள் கச்சேரியில் அதே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ‘வாசிப்பார்’.

இன்று ஒன்று கவனித்தேன். குமாஸ்தா ஐயம்பெருமாள் கட்டிவைக்கும் தாள்களின் மூலையெல்லாம் மடங்கியிருக்கின்றன. வாதியின் பத்திரம் ஒரு மடிப்பு, சாட்சி வாக்குமூலம் இரண்டு மடிப்பு. அப்பாவின் கட்டைவிரல் முதலில் அந்த மூலைக்குத்தான் போகிறது. நான் பார்ப்பதை ஐயம்பெருமாள் பார்த்துவிட்டார். வெற்றிலைப் பெட்டியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

தூக்கம் வருகிறது. பள்ளிக்கூடத்திலும் வருகிறது.

டிசம்பர் 14, செவ்வாய்

‘நம் ஊரின் பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கை’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். மதுரத்துக்கு யோசனையே வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறார் என்று டீச்சரம்மா சொல்ல, வகுப்பு சிரித்தது.

எழுதிக் கொடுத்தேன். பாரிஸ்டர் யோபு மாசிலாமணி அவர்கள் நாசரேத்துக்குப் பக்கத்தில் ஓர் உபதேசியாரின் மகனாகப் பிறந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கப்பலேறி லண்டனுக்குப் போய், சட்டம் முடித்துக் கறுப்பு அங்கியோடு திரும்பினார். அங்கே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்த ஒரு பாதிரியாரின் கிராமத்தில் பதினோராவது ஆள் குறைந்ததால் மட்டை பிடிக்கக் கற்றார். என் அம்மா இறந்த பிறகு மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஏழைகளின் வழக்கைத் தள்ளுவதில்லை. கோட்டை இடிந்த கதை, குளம் வெட்டிய கதை, தெருக்களின் பெயர்க்கதை எல்லாவற்றையும் சேர்த்துச் சரித்திரம் எழுதி வருகிறார். பொய் சொல்லவே மாட்டார்.

முதல் மார்க் எனக்குத்தான். டீச்சரம்மா அதை வகுப்பில் உரக்க வாசித்தபோது நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 16, வியாழன்

கச்சேரியில் இன்று நடந்தது என்னால்தான்.

அப்பாவின் கட்சிக்காரர் செல்லையா என்ற உழவுச் சம்சாரியின் கிணற்றுப் பங்கு வழக்கு. நேற்று அந்தக் கேஸ் கட்டை நான்தான் வாசித்தேன். இரண்டு தாள்கள் மழை ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. தூக்கக் கலக்கத்தில் நான் பிரித்துப் பார்க்கவில்லை. தன் பங்கை ஒரு வருஷம் அடமானம் வைத்திருந்ததாகச் செல்லையாவே சொல்லியிருந்தது அந்தத் தாளில்தான் இருந்தது. எதிர்க்கட்சி வக்கீல் சேஷையர் எழுந்து, அடமானத்தைப் பற்றிப் பாரிஸ்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டாராம். அப்பா தாள்களைப் புரட்டினாராம். திரும்பத் திரும்பப் புரட்டினாராம்.

கச்சேரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சேஷையர் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தனக்குக் கடுமையான வலி என்றும் வாய்தா வேண்டும் என்றும் ஜட்ஜ் துரையிடம் கேட்டுவிட்டாராம். வெளியே வந்ததும் காபி கிளப்பில் நாலு வடை தின்றார் என்று ஐயம்பெருமாள் சொன்னார்.

அப்பா திட்டவில்லை. சட்டையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“தூங்கிட்டியாம்மா நேத்து?”

“கண்ண அசத்திட்டுப்பா.”

“ஒம்மேல தப்பில்ல.” அப்புறம் எனக்குச் சொல்வது போல இல்லாமல் சொன்னார். “இது கிணறு. அந்தத் தாள்ல ஒருத்தன் கழுத்து இருந்திருந்தா?”

டிசம்பர் 17, வெள்ளி

அத்தை என்னைச் சமையற்கட்டில் பிடித்துக்கொண்டார். முருங்கைக்கீரையை உருவச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார். அப்பாவின் கண்ணுக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, தூசி என்றேன்.

“ஏளா, நான் அவனுக்கு அக்கா. எங்கிட்டயே தூசிங்கியா?”

நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையே சொன்னார். கச்சேரிக்குப் போவது நின்றுபோனால் இந்தப் பங்களா நமக்கு இல்லை. தூத்துக்குடியில் சித்தப்பா வீட்டு மாடியில்தான் இருக்க வேண்டும். சித்தப்பா தன் பெண்களையே மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். அங்கே உப்பு வியாபாரி மகன் ஒருவன் இருக்கிறான், சித்தி ஏற்கெனவே ஜாடையாகக் கேட்டிருக்கிறாள்.

“அதனால உள்ளதச் சொல்லு. நான் முன்னாடியே ஏற்பாடு செய்யணும்ல.”

“அப்பா நல்லா இருக்காவ. கிரிக்கெட்டு ஆடப் போறாவ,” என்றேன்.

அத்தை என்னையே பார்த்தார். ஆட்டம் ஆடுகிறவனுக்குக் கண் இல்லாமல் இருக்குமா என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். எழுந்து போய்விட்டார்.

அப்படியானால் அப்பா ஆடத்தான் வேண்டும்.

டிசம்பர் 21, செவ்வாய்

காலையில் பந்து போட்டேன். அப்பா நன்றாக ஆடினார். மட்டை ஓரத்தில் இரண்டு தடவை.

டிசம்பர் 25, சனி

கோயில். புதுப் பாவாடை. பாட்டுப் புத்தகத்தை அப்பா கையில் பிடித்துக்கொண்டு, எல்லாப் பாட்டையும் பாராமல் பாடினார். சேஷையர் வாழைத்தாரோடு வந்து வாழ்த்தினார். போகும்போது அப்பாவிடம், “ஓய், இந்த வருஷம் நீர் குடையைப் பிடிச்சிண்டு கூடாரத்திலே உக்காரும். நாங்க தோத்துட்டு வந்து உம்மகிட்ட சொல்றோம்,” என்றார். அப்பா சிரித்து மறுத்துவிட்டார். மதுரத்தின் பந்தையே அடிக்கிறேன், ஹார்லி துரை என்ன பெரிய ஆளா என்றார்.

சேஷையர் என்னைப் பார்த்தார். நான் வாழைத்தாரை உள்ளே எடுத்துக்கொண்டு போனேன்.

ஹார்லி துரை ரெயில்வே என்ஜினீயர். போன வருஷம் அவர் போட்ட பந்தில் ஒரு முன்சீப்பின் தாடை கிழிந்தது.

டிசம்பர் 28, செவ்வாய்

மழை. இன்னும் பெய்ய வேண்டும் என்று ஜெபம் செய்தேன். மைதானம் குளமாகிவிட்டதாம்.

டிசம்பர் 30, வியாழன்

வெயில்.

1898 ஜனவரி 1, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும். பாதியில் விட்டால் தூக்கம் வராது.

எங்கள் வண்டியை மைதானத்தின் ஓரத்தில் வேப்ப மரத்தடியில் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். நானும் அத்தையும் அதற்குள்ளேயே இருந்தோம். துரைமார் கூடாரம் எங்களுக்கு அருகில். வக்கீல்களின் பந்தல் எதிர்ப்பக்கத்தில். துரைமார் முதலில் ஆடினார்கள். அப்பா தலைவர் என்பதால் தன்னை யாரும் பந்து போகாத மூலையில் நிறுத்திக்கொண்டார். அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு வக்கீல்கள் மட்டை பிடித்தார்கள். நாலு பேர் சீக்கிரம் அவுட்டாகிப் போய்விட்டார்கள். அப்பா வந்தார். வெள்ளைக் கால்சட்டை, காலில் பட்டை, தலையில் லண்டன் தொப்பி. எதிர்முனையில் சேஷையர் பஞ்சகச்சத்தோடும் தலைப்பாகையோடும் நின்றார். சேஷையர் பாதி வழி வந்து, அப்பாவின் முழங்கையைப் பிடித்து ஏதோ பேசிக்கொண்டே குச்சிகள் வரை கூட்டிப்போனார். பார்க்கிறவர்களுக்கு யோசனை பண்ணுகிறார்கள் என்று தோன்றும்.

ஹார்லி துரை ஓடிவந்தார். குச்சிகளுக்கு முன்னால் விரித்திருந்த பாயில் குத்தி அந்தப் பந்து அப்பாவின் தோளுக்கு மேலே போயிற்று. அப்பா மட்டையைத் தாழ்வாக முன்னால் கொண்டுவந்தார். நான் போடும் பந்துக்குக் கொண்டுவருவது போலவே. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த பந்து முகத்துக்கு வரும் என்று நினைத்தேன். எழுந்து கத்திவிடலாமா என்றும் நினைத்தேன். கத்தினால் தூத்துக்குடி. உட்கார்ந்தே இருந்தேன்.

அடுத்த பந்து தாழ்வாக வந்தது. அப்பாவின் மட்டை ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். நடுவில் ஒரு பானையை வைக்கலாம். பந்து அப்பாவின் கால்பட்டையை லேசாக உரசிக்கொண்டு பின்னால் நின்ற துரையின் கையில் போய் விழுந்தது. ‘டொக்’ என்று சத்தம். பின்னால் நின்றவர் கையைப் பாதி தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார். நடுவர் சும்மா நின்றார். ஒருவரும் அவுட் கேட்கவில்லை.

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்புறம் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்.

இந்த ஆட்டத்தில் அது ஒரு வழக்கம். மட்டையில் பட்டுப் பிடிபட்டது தனக்குத் தெரிந்தால், நடுவர் சொல்லும் வரை காத்திராமல் கனவான்கள் தாமாகவே வெளியேறிவிடுவார்கள். அப்பா லண்டனில் கற்றது. கதையாக எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நேரில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பிறகு துரைமார் கூடாரத்தில் கைதட்டல் எழுந்தது. அப்பா அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தார். எதிர்ப்பக்கத்தில் இருந்த நம் பந்தலை விட்டுவிட்டு, நேராகத் துரைமாரின் கூடாரத்துக்கே போய் நின்றார். அவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தன்னை வென்றவர்களை வாழ்த்துவதற்காக வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜட்ஜ் துரை தானே முன்னால் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “ஒங்கப்பன் அப்பவே அப்படித்தான்,” என்றார்.

மட்டையில் படவில்லை. அது எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தை மட்டை ஓரம் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதும் தெரியும்.

ஜனவரி 3, திங்கள்

ஊரெல்லாம் இதே பேச்சு. டீச்சரம்மா என் கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம்.

சாயங்காலம் ஜட்ஜ் துரையின் பங்களாவிலிருந்து ஆள் வந்து அப்பாவைக் கூட்டிப்போனான். சர்க்கார் வக்கீல் பதவி காலியாகிறது. தனக்கு எதிராகத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளும் மனிதர்தான் அதற்கு வேண்டும் என்று ஜட்ஜ் துரை மேலே எழுதப் போகிறாராம். சனிக்கிழமை அப்பா பதில் சொல்ல வேண்டும்.

அத்தை முறுக்குக்கு மாவு இடித்தார். தூத்துக்குடிப் பேச்சே இல்லை. நீ மெட்ரிகுலேஷன் வரைக்கும் படிளா என்று அவராகவே சொன்னார்.

சர்க்கார் வக்கீல் என்றால் கொலை வழக்குகள். ஒரு நாளைக்கு எத்தனை கட்டுகள் வரும் என்று ஐயம்பெருமாளிடம் கேட்டேன். மூலை மடிக்க மூன்று விதம்தான் இருக்கிறது பாப்பா என்றார்.

ஜனவரி 5, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பாத்திரம் கழுவினேன்.

ஜனவரி 7, வெள்ளி

அப்பா ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று நினைக்கிறேன். மத்தியானம் கண்ணாடி முன்னால் நின்று அங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, ஆட்டத்தன்று சரியாக நடந்துகொண்டேனா என்று கேட்டார். “ஓரத்துல பட்டத நானே கேட்டேன், மதுரம். கண்ணு மங்கினாலும் இன்னும் எல்லாம் போயிடல்ல. நீ காலைல காலைல பந்து போட்டதால வந்த தைரியம்.”

கண் மங்கினாலும் என்று இன்றுதான் வாயால் சொன்னார். அதையும் நான் சொன்ன பொய்க்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னார்.

செல்லையாவின் தாள் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. இனிமேல் கிணறு இல்லை, கழுத்து.

ஜனவரி 8, சனி

காலையில் அப்பா மட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். பதில் சொல்லப் போகும் முன் கொஞ்சம் ஆடலாம் என்றார். நல்ல வெயில். கொய்யா மரத்தில் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன.

முதல் பந்தை மட்டையில் போட்டேன். இரண்டாவதையும். மூன்றாவதை எடுத்துக்கொண்டு நின்றேன். அப்பா தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். ஓடிவந்து நேராகப் போட்டேன்.

‘டொக்.’

“ஓரமா?” என்றார்.

“இல்லப்பா. நடுக்குச்சி.”

அப்பா மட்டையைத் தரையில் ஊன்றினார். பிறகு குனிந்து, கையால் துழாவி, குச்சியைத் தொட்டுப் பார்த்தார். பந்து அதன் அடியில்தான் கிடந்தது.

“இதுக்கு முன்னால கேட்டதெல்லாம்?”

“குச்சிதான்.”

“எல்லாமுமா?”

“எல்லாமும்.”

“அப்ப அன்னிக்கு மைதானத்துல?”

“கால்பட்டைல உரசினதுப்பா. மட்டைல படல்ல. நீங்க அவுட்டே இல்ல.”

திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். அவர் சிரித்தார். மிகவும் களைத்துப்போன சிரிப்பு. “அவுட்டாகாதவன அவுட்டுன்னு சொன்னதுக்கா சர்க்கார் வேலை,” என்றார்.

மட்டையை மரத்தில் சாய்த்து வைக்கப் போய், மரம் இல்லாத இடத்தில் விட்டார். அது விழுந்தது. அதை எடுக்கவில்லை. கையை முன்னால் நீட்டினார். நான் போய்த் தோளைக் கொடுத்தேன். இத்தனை நாளும் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நடந்தோம், யாருக்கும் தெரியாதபடி முழங்கை உரச. இன்று தோளில் முழுக் கையையும் வைத்து அழுத்திக்கொண்டு, முற்றத்தில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த அத்தையைக் கடந்து, தாழ்வாரத்தில் கட்டு கட்டிக்கொண்டிருந்த ஐயம்பெருமாளைக் கடந்து நடந்தார். ஐயம்பெருமாள் எழுந்து நின்றுவிட்டார். அத்தை கரண்டியைத் தூக்கியபடி நின்றார். கையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

ஜட்ஜ் துரையின் வராந்தாவிலும் அப்படியே போனோம். நான் வெளியே நின்றேன். திரும்பும்போது வண்டியில் அப்பா சொன்னார். எல்லாவற்றையும், கண்ணையும் பந்தையும், சொல்லிப் பதவி வேண்டாம் என்றுவிட்டாராம். துரை கேட்டுக்கொண்டாராம். அப்புறம், எழுதின ஸ்கோர் எழுதினதுதான், மாசிலாமணியை மறுபடி ஆடக் கூப்பிட முடியாது என்றாராம். வேடிக்கையாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று நான் கேட்டேன்.

“மொகத்தப் பாத்தாத்தானம்மா தெரியும்,” என்றார் அப்பா.

ஜனவரி 10, திங்கள்

கையிலிருக்கும் வழக்குகளையெல்லாம் சேஷையர் எடுத்துக்கொள்கிறார். செல்லையாவின் வழக்கை மட்டும் எடுக்க முடியாது, தானே எதிர்க்கட்சி ஆயிற்றே என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அதை வேறொரு வக்கீலுக்குக் கொடுத்தார்கள், ஒட்டியிருந்த தாளைப் பிரித்து மேலே வைத்து.

என் பள்ளிக்கூடத்தைப் பற்றி அப்பாவும் அத்தையும் அறைக்குள் பேசினார்கள். அப்பாவின் குரல் உயர்ந்தது, பிறகு தாழ்ந்தது. வெளியே வந்த அத்தை, ஈஸ்டர் வரைக்கும் போ, பொறவு பாப்போம் என்றார். அதற்கு மேல் அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். சித்தப்பாவுக்குக் கடிதம் போய்விட்டது.

டீச்சரம்மா கட்டுரையை மாட்டிவிட்டார். கடைசி வரியை வாசிக்காமல் அதைத் தாண்டிப் போகப் பழகிக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் சரித்திரத்தில் கோட்டை அத்தியாயத்தை அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். சொல்லும்போதே நாற்காலியில் தூங்கிப்போனார். அத்தை கூடத்தைப் பெருக்க வந்தார். வழக்கம்போல மற்ற நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினார். பெருக்கி முடித்துவிட்டு, விளக்குமாற்றோடு நடுவில் நின்று யோசித்தார். அப்புறம் ஒன்றை இழுத்துக்கொண்டுவந்து வைத்து, கொஞ்சம் நகர்த்தி, என்னைப் பார்த்தார்.

“ஏளா, இது இங்கனதான இருக்கணும்?”

இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று கையைக் காட்டினேன்.